வாசகர் கேள்வி பதில்: வீடியோ கேமுக்கு அரச பணம் கொடுக்கலாமா?

வெளிநாட்டு அரசுகள் வீடியோ கேம்களைக் கலையாக ஏற்று நிதி கொடுப்பதையும் நூலகங்களில் சேர்த்து வைப்பதையும் பற்றிக் கடந்த இதழில் சுருக்கமாக எழுதியிருந்தோம். மலையகத்தின் பல பக்கங்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. ஒரே கருத்துள்ளவற்றை ஒன்றாக்கி, நடைமுறைக் கேள்விகளுக்குக் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

லயத்துக் கூரை ஒழுகுகிறது. மழைக்காலத்தில் பிள்ளைகள் வழுக்குகிற பாதையில் பாடசாலைக்குப் போகிறார்கள். இந்த நிலைமையில் கேமுக்கு அரச பணம் கேட்பது நியாயமா?
தொழிற்சங்க உறுப்பினர், பொகவந்தலாவை

கூரைக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு சதமும் இதற்கு வரக் கூடாது. இதில் எங்களுக்கும் உங்களுக்கும் பேதமில்லை. ஆனால் கலைக்கென்று அரசு ஏற்கெனவே செலவழிக்கும் பணம் தனியாக இருக்கிறது. சினிமாவுக்கு 1971 இல் கூட்டுத்தாபனம் அமைத்தார்கள். இலக்கியத்துக்கு அரச விருது, மேடைக்கு அரச நாடக விழா. அந்தப் பணத்தை யார் யார் கேட்கலாம் என்ற வரிசையில் கேம் செய்கிறவர்களையும் நிற்க விடலாமா என்பதுதான் பேச்சு. தோட்டத்துப் பிள்ளை ஒருவர் நாவல் எழுதினால் நிற்கலாம், அதே கதையைக் கேமாகச் செய்தால் நிற்கக் கூடாது என்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

பிரான்ஸ் 2008 முதல் கேம் தயாரிப்புக்கு வரிச்சலுகை கொடுக்கிறது. இப்போது அது தகுதியுள்ள செலவில் 30%. பிரித்தானியா 2014 இல் தொடங்கியபோது பண்பாட்டுத் தேர்வொன்றை வைத்தது. 31 புள்ளியில் 16 எடுத்தால்தான் சலுகை. ஜேர்மனி 2019 வரவுசெலவுத் திட்டத்தில் 5 கோடி யூரோ ஒதுக்கியது. இவற்றை அப்படியே இங்கே கொண்டுவந்து இறக்க முடியாது. வரிச்சலுகை என்பது முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு வாங்குவது. கையில் முதல் உள்ளவருக்கே அது உதவும். ஹட்டனில் ஒரு பழைய மடிகணினியை வைத்துக்கொண்டு இரண்டு பேர் செய்யும் வேலைக்கு அது எட்டாது. எங்களுக்கு வேண்டியது சிறிய தொகை, முன்கூட்டியே, தவணை தவணையாக.

அதற்கும் நிபந்தனை வேண்டும். சந்தை தானாகவே செய்துகொள்ளும் கேமுக்குப் பொதுப் பணம் போகக் கூடாது. காசு கட்டிப் பெட்டி திறந்து அதிர்ஷ்டம் பார்க்கும் கேமுக்கு ஒரு ரூபாயும் கூடாது. அப்படிப்பட்ட சில பெட்டிகள் சூதாட்டமே என்று பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018 இல் முடிவெடுத்தது. மூன்றாவது நிபந்தனையை நாங்கள் விட்டுக்கொடுக்கவே மாட்டோம்: பணம் வாங்கியவர் கேமின் மூலநிரல் (கேமை எழுதிய நிரல் வரிகள்), படங்கள், ஒலிகள் எல்லாவற்றையும் பொது நூலகம் ஒன்றில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்த பிறகே கடைசித் தவணை.

ஜெயிப்பதும் தோற்பதும் எப்படிக் கலையாகும்? அப்படியென்றால் கரம் போர்டும் கலையா?
ஆசிரியை, பண்டாரவளை

எல்லாக் கேமும் கலை என்று நாங்கள் சொல்லவில்லை. அச்சில் வருவதெல்லாம் இலக்கியமும் இல்லையே. ஒரு கேம் தன் விதிகளைக் கொண்டே ஒன்றை உணர்த்துகிறதா என்று பாருங்கள்.

போலந்தில் செய்யப்பட்டு 2014 இல் வந்த 'திஸ் வோர் ஒஃப் மைன்' கேமில் நீங்கள் சிப்பாய் இல்லை. முற்றுகையிடப்பட்ட நகரத்தில் ஒரு சிதைந்த வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் சாதாரண சனங்களைக் காப்பாற்ற வேண்டும். இரவில் ஒருவரை வெளியே அனுப்பிச் சாப்பாடும் மருந்தும் தேடலாம். ஒரு வீட்டில் வயதான தம்பதி இருக்கிறார்கள். அவர்களுடைய மருந்தை நீங்கள் எடுத்தாலும் அவர்களால் தடுக்க முடியாது, கெஞ்ச மட்டுமே முடியும். எடுத்துக்கொண்டு திரும்பினால் எடுத்தவர் மனம் உடைந்துபோகிறார், வேலை ஓடுவதில்லை. இதை ஒரு கதையில் வாசித்தால் அந்தப் பாத்திரத்தின் மீது கோபம் வரும். இங்கே எடுத்தது உங்கள் விரல். போலந்து அரசு 2020 இல் இதைப் பாடசாலைத் துணைவாசிப்புப் பட்டியலில் சேர்த்தது. போரைக் கண்ட நாட்டில் வாழும் நமக்கு அந்த முடிவின் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

தமிழ்க் குடும்பத்தைப் பற்றியும் கேம் வந்திருக்கிறது. டொரொன்டோவில் செய்யப்பட்டு 2023 இல் வெளியான 'வெண்பா', 1980களில் கனடாவுக்குப் போன குடும்பம் ஒன்றின் கதை. ஊரிலிருந்து கொண்டுபோன சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்தும் கறைபட்டும் இருக்கிறது. அழிந்துபோன வரியை விளையாடுபவர் ஊகித்துச் சமைக்க வேண்டும். மொழி கைநழுவுவதைச் சொல்ல அந்த ஒரு விதியே போதுமாக இருக்கிறது. 2024 இல் அதற்குச் சிறந்த அறிமுகக் கேமுக்கான பாஃப்டா என்ற பிரித்தானிய விருது கிடைத்தது.

இன்னொன்று. மன்மதன் கதையை ஆடும் காமன் கூத்தின் பாட்டை அச்சில் போட்டுவிட்டால் கூத்து பத்திரமாகிவிட்டது என்று மலையகத்தில் யாரும் சொல்ல மாட்டார்கள். தப்பு என்ற பறையின் அடி, ரதி மதன் ஆட்டம், தோட்டத்துச் சனம் சேர்ந்து நிற்கும் விதம் எல்லாம் சேர்ந்ததுதான் கூத்து. கேமும் விளையாடும்போதுதான் முழுமையாகிறது. ஆகவே கோப்பைச் சேமித்தால் மட்டும் போதாது. அது ஓடும் கருவி, அதை விளையாடிய விதம், விளையாடியவர்களின் பேச்சு எல்லாம் சேர்த்துச் சேமிக்க வேண்டும். மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை தோட்டப் பாடல்களைத் திரட்டியிராவிட்டால் அவற்றில் எத்தனை இன்று நம் கையில் இருந்திருக்கும்?

பணம் பார்த்த கம்பனிகளே தங்கள் கேம்களைப் பத்திரமாக வைத்திருக்குமே. அதற்கு ஏன் பொதுப் பணம்?
வங்கி ஊழியர், நானுஓயா

வைத்திருப்பதில்லை. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87% இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை என்று அங்குள்ள வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023 இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 'சைலன்ட் ஹில்' என்ற கேம் வரிசையின் பழைய பாகங்களை 2012 இல் மறுபடி வெளியிட முயன்றபோது, முடிவான மூலநிரல் கம்பனியிடமே இல்லை. முற்றுப்பெறாத நிரலை வைத்துத் திருத்தினார்கள்; வெளிவந்தது பிழைகள் மலிந்த பதிப்பு.

நம் பாடசாலைக் கணினி அறைகளில் ஒரு தலைமுறைக்கே பழக்கமான 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'வின் கதை இன்னும் தெளிவானது. 1989 இல் அதை எழுதியவர் ஜோர்டன் மெக்னர். மூலநிரல் இருந்த தட்டுகள் தொலைந்துவிட்டன என்றே எண்ணியிருந்தார். 2012 இல் அவருடைய தந்தை வீட்டில் ஒரு பெட்டியைக் கண்டெடுத்தார். உள்ளே மூன்றரை அங்குல ஃப்ளொப்பிகள். பழைய அப்பிள் கணினிகளில் கைதேர்ந்தவர்கள் வந்து ஒவ்வொன்றாக வாசித்து எடுத்தார்கள். காந்தப் பூச்சு அதற்குள் உதிர்ந்திருந்தால் உலகப் புகழ்பெற்ற அந்தக் கேமின் கையெழுத்துப் பிரதி போயே போயிருக்கும். ஒருவர் வீட்டு அலுமாரியை நம்பி ஒரு கலை இருக்கக் கூடாது.

இணையத்தில் மட்டும் ஓடும் கேமுக்கு அந்த அலுமாரியும் கிடையாது. 2014 இல் வந்த 'த க்ரூ' என்ற கார்ப் பந்தயக் கேமின் சேவையகத்தை (அதை இணையத்தில் இயக்கும் கம்பனிக் கணினியை) 2024 மார்ச் 31 உடன் நிறுத்தினார்கள். காசு கொடுத்து இறுவட்டு வாங்கியவர் தனியாக ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை.

அச்சிட்ட நூலின் பிரதியை அரசிடம் ஒப்படைக்கும் சட்டம் இலங்கையில் 1885 முதல் இருக்கிறது. பிரான்ஸ் 1992 இல் அந்தக் கடமையை மின்னணு வெளியீடுகளுக்கும் நீட்டியது. அங்கே தேசிய நூலகத்தில் கேம்கள் அடுக்கில் இருக்கின்றன. யாழ்ப்பாண நூலகத்தை 1981 இல் இழந்த மொழிக்காரர்களுக்கு, பிரதி ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்து நன்றாகவே தெரியும்.

ஒரு காலத்தில் கேம் கடை நடத்தினேன். டிவி கேம் கெசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடக்கின்றன. பாதி ஓடவில்லை. வீசிவிடலாமா?
கடைக்காரர், ஹட்டன்

வீச வேண்டாம். ஓடாதவற்றில் பெரும்பாலானவற்றுக்குச் சிப் பழுதில்லை, தொடுமுனையில் கறைதான்.

கெசட்டின் வாயில் ஊதும் பழக்கத்தை முதலில் நிறுத்துங்கள். மூச்சிலுள்ள ஈரம் செம்பில் பச்சை பூக்க வைக்கும். நட்சத்திரத் திருப்புளியால் திறந்து (சிலது திருகாணி இல்லாமல் கொக்கியில் மாட்டியிருக்கும், ஓரத்தில் மெதுவாக நெம்புங்கள்) பலகையை வெளியே எடுங்கள். 99% ஐசோபுரோப்பைல் அல்ககோலைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, தொடுமுனைகளை மேலிருந்து கீழாக மட்டும் துடையுங்கள். குறுக்காகத் தேய்த்தால் அழுக்கு இரண்டு முனைகளுக்கு நடுவே போய் உட்காரும். குச்சி வெள்ளையாக வரும் வரை மாற்றி மாற்றித் துடைத்து, 10 நிமிடம் காயவிட்டுப் போடுங்கள். பாமசியில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் எண்ணெய் கலந்திருப்பதால் படலம் விடும். பித்தளை பொலிஷ் பூச்சையே தின்றுவிடும். பிடிவாதமான கறைக்கு மட்டும் வெள்ளை அழிறப்பரால் இரண்டு இழுப்பு, அதற்கு மேல் கூடாது.

திறந்த பலகையில் சிப்புக்குப் பதிலாகக் கறுப்புப் பசை உருண்டையைப் பார்ப்பீர்கள். நம் சந்தைக்கு வந்த மலிவுக் கெசட்டுகளில் அதுதான் வழக்கம். சிப்பைப் பலகையில் நேரடியாக ஒட்டி மேலே பசை ஊற்றியிருக்கிறார்கள். அதனுள் ஈரம் ஏறி இணைப்புக் கம்பி அறுந்தால் திருத்தவே முடியாது. ஆகவே உங்கள் பெட்டியில் இன்னும் ஓடும் உருண்டைக் கெசட்டுகளைத்தான் முதலில் பிரதி எடுக்க வேண்டும்.

பிரதி எடுக்க, 60 முனைக் கெசட்டில் உள்ளதைக் கணினிக்கு மாற்றும் ரீடர் ஒன்று தேவை. திறந்த வடிவமைப்பில் ஆர்டுயினோ என்ற சிறிய மின்னணுப் பலகையை வைத்துக் கட்டும் வகைகள் இருக்கின்றன. ஒவ்வொரு கெசட்டையும் இரண்டு தடவை வாசித்து, இரண்டு கோப்புகளின் ஷா-1 கூட்டெண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும், கைரேகை போன்ற எண்) ஒப்பிடுங்கள். வேறு வேறாக வந்தால் தொடுமுனை இன்னும் அழுக்கு. அளவையும் பாருங்கள். 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' நிரலுக்கு 32 கிலோபைட், படங்களுக்கு 8 கிலோபைட், முன்னால் ஒட்டும் தலைப்பு 16 பைட், ஆக 40,976 பைட். பொதுப் பட்டியல்களிலுள்ள கூட்டெண் பெரும்பாலும் அந்த 16 பைட் தலைப்பை விட்டுவிட்டுக் கணித்தது. தலைப்போடு ஒப்பிட்டால் சரியான பிரதியும் பிழைபோலத் தெரியும்.

'9999 கேம்' என்று ஒட்டிய கெசட்டுகளை மட்டமாக நினைக்காதீர்கள். உள்ளே இருப்பது சில கேம்கள்தான்; ஒரே கேமை வேறு வேறு கட்டத்தில் தொடங்கவைத்துப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். ஆனால் அந்தப் பட்டியல் திரையும் அதன் இசையும் வேறெங்கும் பதிவாகியிருக்காது. மலையகத்துப் பிள்ளைகள் விளையாடியது அதைத்தான், ஜப்பானியப் பெட்டியில் வந்த மூலப் பிரதியை அல்ல. இவ்வகைக் கெசட்டின் மாற்றுச்சுற்று (கேமுக்குக் கேம் நினைவகத்தை மாற்றிக்கொடுக்கும் சுற்று) வழமையானதில்லை. ரீடரில் தானாகக் கண்டுபிடிக்கும் தெரிவை நம்பினால் முதல் கேம் மட்டும் பிரதியாகலாம். பலகையின் இரு பக்கத்தையும் படம் பிடித்துக் கோப்போடு வையுங்கள்.

பெட்டியில் வாத்துச் சுடும் கேமின் விளையாட்டுத் துவக்கு இருந்தால் ஒரு பழைய பெட்டி டிவியையும் கூடவே வைத்திருங்கள். நீங்கள் விசையை அழுத்தும் கணத்தில் திரை கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். துவக்கின் நுனியிலுள்ள ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பிடிக்கும். படக்குழாய் டிவியின் வேகத்துக்கென்றே அதை அளந்து செய்திருக்கிறார்கள். தட்டைத் திரையில் படம் தாமதித்து வருவதால் ஒரு வாத்தும் விழாது. டிவியின் பின் மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். மின் இணைப்பைக் கழற்றிய பிறகும் குழாயில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கும்.

பிளேஸ்டேஷன் இறுவட்டுகளில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடிக்கிறது. எப்படி வைப்பது?
கல்லூரி மாணவர், நுவரெலியா

நுவரெலியாவின் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். இறுவட்டுக்கு அது நல்ல குளிர். உங்களுக்குப் பகை ஈரலிப்பு மட்டும்தான். ரப்பர் விளிம்புள்ள, இறுக்கமாக மூடும் 20 லீற்றர் பிளாஸ்டிக் பெட்டிக்கு 200 கிராம் சிலிக்கா ஜெல் போடுங்கள். சிறிய டிஜிட்டல் ஈரமானி ஒன்றை உள்ளே வைத்து 40 முதல் 50% வரை நிற்கிறதா பாருங்கள். நிறம் மாறும் வகை ஜெல் வாங்கினால் எப்போது காயவைப்பது என்று தெரியும். 120 பாகையில் இரண்டு மணித்தியாலம் அவனில் வைத்தால் மறுபடி பாவிக்கலாம். அடுப்புக்கு மேலுள்ள பரண் காய்ந்த இடம்தான், ஆனாலும் அங்கே வைக்காதீர்கள். புகைக்கரியும் சூடும் சேர்ந்து கெடுக்கும்.

பூஞ்சணத்தைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த மென்துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தரவு ஓடும் திசையிலேயே விழும், வாசிப்பான் தடுமாறும். சீடியில் தரவுப் படலம் லேபலுக்கு அடியிலேயே இருக்கிறது. அந்தப் பக்கம் பேனாவால் எழுதுவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் அடிப்பக்கக் கீறலைவிட மோசம்.

கடையில் எரித்து விற்ற இறுவட்டுகள் சாயத்தில் பதிந்தவை. தொழிற்சாலையில் செய்த அச்சு இறுவட்டுக்கு முன்பே மங்கிவிடும். அவற்றை முதலில் கணினிக்கு மாற்றுங்கள். டீவீடியை ஐஎஸ்ஓ கோப்பாக எடுக்கலாம். முதலாவது பிளேஸ்டேஷனின் சீடியை 'பின்-கியூ' முறையில் (தரவு ஒரு கோப்பு, தடங்களின் பட்டியல் இன்னொரு கோப்பு) எடுங்கள். ஐஎஸ்ஓ எடுத்தால் தனித் தடங்களில் உள்ள இசை வராது, கேம் அந்த இசையில்லாமல் ஓடும். வாசிக்க மறுக்கும் இறுவட்டுக்கு லினக்ஸில் 'டிடிரெஸ்கியூ' என்ற மீட்புக் கருவியைப் பாவியுங்கள். எந்தப் பகுதி வந்தது, எது வரவில்லை என்று அது ஒரு வரைபடக் கோப்பில் எழுதிவைக்கும். அதே கோப்பை வைத்துக்கொண்டு வேறொரு டிரைவில் தொடர்ந்தால் விட்ட இடங்களை மட்டும் திரும்ப முயலும். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று வாசிப்பது சாதாரணமாக நடக்கும்.

இப்படிப் பிரதி எடுப்பது சட்டப்படி குற்றமா?
பெயர் தவிர்த்தவர், தலவாக்கலை

2003 இன் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கணினி நிரலின் பிரதி ஒன்றைச் சட்டப்படி வைத்திருப்பவர் அது தொலைந்தால் அல்லது பழுதானால் ஈடுசெய்வதற்காக ஒரு பிரதி எடுத்துவைக்க இடம் தருகிறது. அதைப் பிறருக்குக் கொடுப்பதற்கும் இணையத்தில் ஏற்றுவதற்கும் இடமில்லை. நகல் கெசட்டுகளுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. அதனால்தான் நூலகங்களுக்கென்று தெளிவான விதிவிலக்கு வேண்டும் என்று கேட்கிறோம்: கேமை வெளியே அனுப்பாமல், நூலக அறைக்குள் விளையாடவும் ஆராயவும் அனுமதி. சேவையகம் நிறுத்தப்பட்ட கேம்களுக்கு அமெரிக்காவில் இப்படியான விதிவிலக்கு 2015 முதல் உண்டு.

என் மகன் இரவெல்லாம் போனில் கேம் அடிக்கிறான். இதில் நீங்கள் வேறு கலை என்கிறீர்கள்.
தாய், கொட்டகலை

உங்கள் கவலை நியாயமானது. விளையாட்டின் மேல் கட்டுப்பாடு இழந்து, படிப்பும் தூக்கமும் கெட்டும் விட முடியாமல், வழமையாக 12 மாதமளவில் அது தொடர்ந்தால் உலக சுகாதார நிறுவனம் அதை ஒரு கோளாறாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அந்த நிலைமை என்றால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இரவில் போனை உங்கள் அறையில் சார்ஜ் போடும் வழக்கத்தை இன்றே தொடங்கலாம். நாங்கள் நிதி கேட்பது, முடிவே இல்லாமல் இழுத்துவைக்கும் கேமுக்கு அல்ல. இரண்டு மணித்தியாலத்தில் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் கேமுக்கு.

பழைய நோக்கியாவிலும் என் அண்ட்ரொய்ட் போனிலும் இருக்கும் கேம்களை எடுத்துவைக்க முடியுமா?
தொழில்நுட்பக் கல்லூரி மாணவி, பதுளை

நோக்கியாவின் ஜாவா கேம்கள் 'ஜார்' கோப்புகள், பெரும்பாலும் 1 மெகாபைட்டுக்குள். மெமரி சிப்பில் இருந்தால் நேரே பிரதி செய்யலாம். போனின் உள்ளே இருந்தால் புளூடூத்தில் அனுப்பிப் பாருங்கள், சிலது பூட்டியிருக்கும். ஒரே கேமுக்கு 128×160, 240×320 என்று திரைக்குத் திரை தனிப் பதிப்பு இருந்தது. கிடைப்பதை எல்லாம் வையுங்கள், ஒன்று போதும் என்று மற்றதை அழிக்காதீர்கள். 'ஜே2எம்ஈ லோடர்' செயலியில் அவை இன்றைய போனிலும் ஓடும்.

அண்ட்ரொய்ட் கேமைக் கணினியில் 'ஏடிபி' கருவியால் எடுக்கலாம். பொதியின் பாதையை (கேமின் கோப்பு போனில் இருக்கும் இடத்தை) அதனிடம் கேட்டால் இப்போதெல்லாம் ஒன்றுக்கு மேற்பட்ட வரிகள் வரும். கேம் துண்டு துண்டாக நிறுவப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். எல்லாத் துண்டையும் எடுங்கள். முதல் வரியை மட்டும் எடுத்தால் திரும்ப நிறுவும்போது திறந்தவுடன் மூடிவிடும். 'ஓபிபி' கோப்புறையில் பெரிய தரவுக் கோப்பு தனியாக இருக்கலாம். பழைய போனையும் விற்றுவிடாதீர்கள்: அண்ட்ரொய்ட் 14, ஆறாம் பதிப்புக்கு முந்திய காலத்துக்கென்று எழுதிய செயலிகளை நிறுவ மறுக்கிறது; 2022 இல் வந்த பிக்சல் 7 முதல் 32 பிட் செயலிகளை ஏற்காத போன்களும் வரத் தொடங்கின.

சேவையகம் தேவைப்படும் கேமைக் கோப்பாக எடுத்துப் பயனில்லை. விளையாடும்போது திரையை முழுதாகப் பதிவுசெய்து, பதிப்பெண்ணையும் திகதியையும் எழுதிவைப்பதே இப்போதைக்குச் செய்யக்கூடியது.

தப்பு அடியை வைத்துத் தாளக் கேம் ஒன்று செய்கிறோம். எங்கள் தோட்டத்துக் காமன் கூத்துதான் கதை. நிதிக்கு விண்ணப்பிக்க என்ன ஆயத்தம் வேண்டும்?
மூன்று நண்பர்கள், மஸ்கெலியா

இப்படியான வேலைக்குத்தான் பொதுப் பணம் போக வேண்டும். கலைக்கு நிதி கொடுக்கும் எந்த இடமும் முதலில் கேட்பது ஓடும் மாதிரி. 30 பக்க விளக்கத்தைவிட ஒரு அடியை முழுதாக விளையாடக்கூடிய 5 நிமிடப் பகுதி மேல்.

ஒலிப்பதிவில் அவசரப்படாதீர்கள். ஈரலிப்பில் தப்பின் தோல் தளரும், அதனால்தான் நெருப்பில் காய்ச்சிக் காய்ச்சி அடிக்கிறார்கள். காய்ச்சியவுடன் சுருதி ஏறியிருக்கும், ஆற ஆற இறங்கும். ஒரே அடியை, காய்ச்சியவுடன், 5 நிமிடம் கழித்து, 10 நிமிடம் கழித்து என்று மூன்று நிலையிலும் பதியுங்கள். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒலிவாங்கியை ஒரு மீற்றர் தள்ளி, அடி விழும் பக்கத்துக்குச் சற்றுச் சரிவாக வையுங்கள். நேர் முன்னால் வைத்தால் உச்சம் வெட்டுப்பட்டு அடி கரகரக்கும். சுருதி இறங்கும்போது நெருப்புக்குத் திரும்ப வேண்டும் என்பதையே கேமின் விதியாக்கலாமே. அப்போது கூத்துக்காரரின் சிரமம் விளையாடுபவருக்கும் புரியும். அடித்தவர்களுக்குக் கூலி கொடுத்து, பெயரைக் கேமுக்குள் போட்டு, எதற்குப் பாவிக்கலாம் என்று எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். சம்மதக் கடிதம் இல்லாத ஒலியை நூலகம் எடுத்துவைக்கத் தயங்கும்.

தாளக் கேமைக் கெடுப்பது தாமதம். மலிவான அண்ட்ரொய்ட் போனில் தொடுகைக்கும் ஒலிக்கும் இடையில் 100 மில்லிசெக்கனுக்கு மேல் போகலாம். புளூடூத் காதணியில் இன்னும் கூடும். ஆகவே தொடக்கத்தில் விளையாடுபவரை 16 அடி தட்டச்சொல்லி, சராசரித் தாமதத்தை அளந்து கழியுங்கள். அதன் பிறகு சரியான அடிக்கு முன்பின் 50 மில்லிசெக்கன் வரை இடம் கொடுங்கள்.

எழுத்தில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். பாமினி எழுத்துருவில் தட்டிய உரையைக் கேமில் போடாதீர்கள். அது ஒருங்குறி (யூனிகோட்) இல்லை. எழுத்துரு தொலைந்த நாளில் வசனம் முழுதும் ஆங்கில எழுத்துக் குப்பையாகிவிடும். யூனிட்டி, கோடோ இரண்டும் கேம் செய்யும் மென்பொருள்கள்; கேம் இயந்திரம் என்பார்கள். யூனிட்டியில் வழமையாகப் பாவிக்கும் டெக்ஸ்ட்மெஷ் புரோ தமிழை ஒழுங்காக வடிவமைக்காது. 'கொ' என்று எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். கோடோ 4 தமிழை நேராகக் காட்டும், கோடோ 3 காட்டாது. நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை உரிமத்தோடு சேர்த்துக் கேமின் கோப்புறைக்குள்ளேயே வையுங்கள்.

செலவுத் திட்டத்தில் நூறில் அறுபது பங்கு உங்கள் கூலி. அதைக் குறைத்துக் காட்டினால் வேலை நடுவழியில் நிற்கும் என்று நிதி கொடுப்பவருக்குத் தெரியும். ஒலிக்கும் கூத்துக்காரருக்கும் இருபது, வேறு வேறு போன்களில் சோதிக்கப் பத்து, ஒப்படைப்புக்குப் பத்து. ஒப்படைக்கும் பொதியில் மூலநிரல், அடுக்கு கலையாத மூலப் படங்கள், வேவ் ஒலிகள், நீங்கள் பாவித்த கேம் இயந்திரத்தின் அதே பதிப்பு நிறுவி, முழு விளையாட்டின் காணொளி, எல்லாவற்றையும் விளக்கும் சாதாரண உரைக்கோப்பு ஒன்று. இயந்திரத்தை விட்டுவிட்டால், கோடோ 3 இல் செய்ததை 4 இல் திறக்கிறவர் படும் பாடு பத்து வருடத்தில் உங்கள் கேமைத் திறக்கிறவருக்கும் வரும்.

எங்கள் வாசிகசாலையில் ஒரு மடிகணினி, விருப்பமுள்ள நாலு பேர், சனிக்கிழமைகள் இருக்கின்றன. எதில் தொடங்குவது?
வாசிகசாலைச் செயலாளர், அப்புத்தளை

முதல் சனிக்கிழமை எதையும் பிரதி எடுக்காதீர்கள். ஊரில் யாரிடம் என்ன இருக்கிறது என்று பட்டியல் போடுங்கள்: பொருள், வாங்கிய கடை, ஏறத்தாழ வருடம், இன்னும் ஓடுகிறதா. அடுத்த கிழமையிலிருந்து எரித்த இறுவட்டுகள், பிறகு பசை உருண்டைக் கெசட்டுகள், பிறகு பழைய போன்கள், கடைசியாக அச்சு இறுவட்டுகள் என்ற வரிசையில் போகலாம். இரண்டு டெராபைட் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், வேறு வேறு கம்பனியினதாக. ஒரே தொகுதியில் வந்தவை ஒரே காலத்தில் பழுதாகும் வாய்ப்பு உண்டு. ஒன்று வாசிகசாலையில். மற்றது மண்சரிவு அபாயமில்லாத இடத்தில், முடிந்தால் வேறு மாவட்டத்தில் இருக்கட்டும். பென் டிரைவில் நீண்ட காலம் வைக்காதீர்கள், மின்னேற்றம் கசிந்து தரவு போகும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஷா-1 கூட்டெண்களை ஓட்டி, பட்டியலோடு ஒத்துப்பாருங்கள்.

கெசட்டைக் கொண்டுவருபவரிடம் பத்து நிமிடம் பேசி, அதைப் போனில் பதியுங்கள். யாருடன் விளையாடினார், எந்த டிவியில், மின்சாரம் நின்றால் என்ன செய்தார்கள், எந்தக் கட்டத்தைத் தாண்டவே முடியவில்லை. கெசட்டின் இலக்கத்தையே அந்த ஒலிக்கோப்புக்கும் பெயராக வையுங்கள்.